அஞ்சிய நாய்க்கு அடைக்கலம்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வைரவர் கோயில் இல்லாத குறிச்சி அரிது. ஆலமரத்தின் கீழ்ச் சிறு கோட்டமாகவோ, நட்டு வைத்த சூலமாகவோ விளங்கும் அத்தெய்வத்தின் வாகனம் நாய். கோயிலில் இத்தகைய மதிப்புப் பெற்ற பிராணி, வீதிக்கு வந்ததும் கட்டாக்காலி என்னும் பெயர் பெற்றுக் கல்லெறிக்கும் சுடுநீருக்கும் ஆளாகிறது. சந்தைகளின் பின்புறத்திலும், மீன் இறங்கும் கரைகளிலும், பேருந்து நிலையங்களிலும் அது பிறந்து வளர்கிறது. பெண்குட்டி வேண்டாமென்று ஊரெல்லையில் கொண்டுபோய் விடப்படும் குட்டிகளும் அக்கூட்டத்தில் வந்து சேர்கின்றன.

விசர்நாய்க்கடி நோயைத் தடுக்கும் கட்டளைச் சட்டம் இலங்கையில் 1893ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. நெடுங்காலம் வீதிநாய்களைப் பிடித்துக் கொல்வதே அந்நோய்க்கு மாற்று எனக் கருதப்பட்டு வந்தது. 2006ஆம் ஆண்டில் அரசு அம்முறையைக் கைவிட்டு, தடுப்பூசியையும் கருத்தடையையும் கைக்கொண்டது. குடாநாட்டின் நுழைவாயில் போல அமைந்த இயக்கச்சியில், சிவபூமி அறக்கட்டளை ஆதரவற்ற நாய்களுக்கென ஒரு சரணாலயத்தை நிறுவியது. எனினும், எந்தச் சரணாலயமும் எல்லா நாய்களுக்கும் இடமளிக்க இயலாது. மீட்கப்பட்ட நாய் எஞ்சிய காலத்தை நலமாகக் கழிக்க வேண்டுமாயின் அதற்கு ஒரு குடும்பம் வேண்டும். இரக்கமுள்ளவர் பலர் இதற்கு முன்வருகின்றனர். ஆனால், நாய் வீட்டுக்கு வந்த பின்னரே உண்மையான சிக்கல் தொடங்குகிறது.

வந்த நாய் கட்டிலின் கீழே நுழைந்து சுவரோடு ஒட்டிக் கிடக்கிறது. வைத்த சோற்றைத் தொடுவதில்லை. கை நீட்டினால் உடல் நடுங்குகிறது. சில வேளை அவ்விடத்திலேயே சிறுநீர் கழிக்கிறது. இரவு முழுவதும் ஊளையிட்டு அயலவரின் உறக்கத்தைக் கெடுக்கிறது. படலை சிறிது திறந்தால் ஓடிவிடுகிறது. வீட்டார் முதலில் வருந்துகின்றனர், பின்னர் சலிப்படைகின்றனர், இறுதியில், "இது நன்றி கெட்ட நாய்" என்று முடிவு கட்டிவிடுகின்றனர். அதன் பின் அது வளவின் மூலையில் சங்கிலியில் கட்டப்படும். அல்லது மீண்டும் வீதியில் விடப்படும். இரண்டாம் முறை கைவிடப்படும் நாய் முன்னிலும் அஞ்சும். அஞ்சிய நாயே பெரும்பாலும் கடிக்கும் நாய் ஆதலால், இத்தோல்வி நாயோடு நின்றுவிடுவதில்லை. ஒழுங்கையில் பாடசாலைக்குப் போகும் குழந்தையையும் அது சேர்கிறது.

நாயின் இந்நடத்தையை நன்றியின்மை என்று கொள்வது தவறு. அஃது உடலின் தொழில். ஆபத்தை உணர்ந்த உடலில் அட்ரினலின், கோட்டிசோல் என்னும் சுரப்புகள் இரத்தத்தில் கலக்கின்றன. இதயம் விரைகிறது, தசைகள் இறுகுகின்றன, பசி அடங்கிவிடுகிறது. ஆதலின், உணவைத் தொடாமை பிடிவாதமன்று, அச்சத்தின் அடையாளம். அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் காப்பகம் ஒன்றின் நாய்களை ஆராய்ந்து 1997ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட ஆய்வொன்று, புதிதாக வந்த நாய்களின் இரத்தத்தில் முதல் மூன்று நாள்களும் கோட்டிசோல் மிகுதியாக இருப்பதைக் காட்டியது. இடமாற்றம் ஒன்றே அவ்வளவு பெரிய அதிர்ச்சியைத் தரவல்லது.

சில நாய்கள் ஏனையவற்றினும் மிகுதியாக அஞ்சுவதற்கு அவற்றின் குட்டிப்பருவமும் காரணமாகும். மெயின் மாநிலத்துப் பார் ஹார்பர் என்னும் ஊரில் பல்லாண்டு நாய்களை வளர்த்து ஆராய்ந்த ஸ்கொற், புல்லர் என்னும் அறிஞர் இருவர், 1965ஆம் ஆண்டு தம் முடிவுகளை நூலாக வெளியிட்டனர். பிறந்து மூன்றாம் வாரம் முதல் ஏறத்தாழப் பன்னிரண்டாம் வாரம் வரை உள்ள காலமே நாய்க்குட்டி உலகத்தோடு உறவு கொள்ளும் பருவம் என்பது அவர்கள் கண்டது. அப்பருவத்தில் மனிதரின் கையையும் குரலையும் அறிந்த குட்டி, பின்னர் மனிதரை நாடும். அறியாத குட்டிக்கு மனிதரும் ஒரு விந்தையான விலங்கே. சந்தைப் பின்புறத்தில் கல்லெறியை மட்டும் கண்டு வளர்ந்த குட்டி, நீட்டிய கையைக் கல்லெடுக்கும் கையாகக் கருதுவதில் வியப்பில்லை.

அச்சம் நினைவில் எவ்வளவு ஆழமாகப் பதியும் என்பதற்கு ரஷ்ய அறிஞர் பாவ்லோவின் ஆய்வுகூடத்தில் நிகழ்ந்த ஒரு விபத்துச் சான்றாகும். 1924ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் லெனின்கிராட் நகரில் வெள்ளம் பெருகியது. கூடுகளில் அடைபட்டிருந்த நாய்கள், ஏறும் நீரில் தத்தளித்துப் பெரும் பாட்டோடு மீட்கப்பட்டன. வெள்ளம் வடிந்த பின்னர், அவற்றுட் சில முன்பு பயின்றவற்றை இழந்திருந்தன. பல வாரங்கழித்து ஒரு நாய் தேறிய வேளையில், கதவின் கீழாகச் சிறிதளவு நீர் கசியும்படி செய்தார்கள். உடனே அது பழைய பதற்றத்துக்கு மீண்டது. அந்நாய் பழகிய ஆய்வாளர் அறையில் உடனிருந்தபோது மட்டும் அதன் இயல்பு நிலை எளிதாகத் திரும்பியதையும் பாவ்லோவ் குறித்து வைத்தார். அச்சத்தைத் தூண்டுவது ஒரு சிறு அடையாளம். அதை ஆற்றுவது பழகிய ஒருவரின் அமைதியான இருப்பு. வீட்டில் செய்யத்தக்க அனைத்துக்கும் இவ்விரு செய்திகளே அடிப்படை.

இவற்றோடு மூன்றாவதாக ஒன்றும் உண்டு. 1967ஆம் ஆண்டில் செலிக்மன், மையர் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர் ஒரு சோதனையை வெளியிட்டனர். மின்னதிர்ச்சியைத் தன் தலையசைவால் நிறுத்தக்கூடிய நிலையில் சில நாய்கள் வைக்கப்பட்டன. என்ன செய்தும் நிறுத்தவியலாத நிலையில் வேறு சில வைக்கப்பட்டன. பின்பு, தாழ்வான ஒரு தடையைத் தாண்டினால் தப்பலாம் என்ற நிலை வந்தபோது, முதல் வகை நாய்கள் தாண்டின. இரண்டாம் வகை நாய்களுட் பல முயலாது படுத்து முனகின. இரக்கமற்ற இச்சோதனையை அவ்விருவருமே ஏறத்தாழ அரை நூற்றாண்டின் பின், 2016ஆம் ஆண்டில், மூளையியல் அறிவின் துணையோடு மறுபடி ஆராய்ந்தனர். நீடித்த துன்பத்தில் உயிர் செயலற்றுப் போவது இயற்கை. தன் செயலால் ஏதேனும் மாறும் என்பதே அது புதிதாகக் கற்க வேண்டிய பாடம் என்று தம் பழைய கருத்தைத் திருத்தினர். ஆகவே, மூலையில் ஒடுங்கிக் கிடக்கும் நாய் அடங்கிவிட்டது என்று மகிழ்தல் ஆகாது. அது நம்பிக்கையிழந்து கிடக்கலாம். தான் விரும்பினால் அணுகலாம், வேண்டாவிடில் விலகலாம் என்னும் உரிமையை அதற்கு உணர்த்துவதே வளர்ப்பவரின் முதற்கடமை.

குடாநாட்டு மக்களுக்கு இதனை விளக்க நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் செம்மணி, நாவற்குழி வழியே தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தனர். வளர்த்த நாய்கள் பல வெறும் வீடுகளின் வாசலில் நின்றன. அறியாத ஊரில், பிறர் வீட்டு விறாந்தையிலும் பாடசாலைக் கூடத்திலும் தங்கிய அம்மக்கள் முதலில் நாடியவை எவை? உடலைச் சாய்க்க ஓரிடம், குடிக்க நீர், அடுத்து என்ன நடக்கும் என்பது பற்றிய ஒரு தெளிவு. ஆயிரம் கேள்வி கேட்டு உபசரித்தவரைக் காட்டிலும், பாயைக் காட்டிவிட்டு ஒதுங்கியிருந்தவரே அன்று பெரிய ஆறுதல் தந்தவர். வீடு மாறி வந்த நாய்க்கும் வேண்டுவன இம்மூன்றே.

முதலாவது இடம். நாய் வருமுன்னரே அதற்குரிய மூலையை ஒழுங்கு செய்துவிட வேண்டும். விறாந்தையின் ஒரு கோடியோ, சாமான் அறையின் ஒரு பக்கமோ போதும். மூன்று புறம் மறைப்பும் ஒரு புறம் வழியும் இருத்தல் நன்று. பழைய சாக்கின்மேல், வீட்டார் உடுத்துக் கழித்த சாரம் ஒன்றை விரித்துவிட்டால், அவர்களது மணத்தை நாய் அச்சமின்றிப் பழகிக்கொள்ளும். அம்மூலையில் இருக்கும் நாயை எவரும் இழுக்கவோ தொடவோ கூடாது. கிடுகு வேலியின் பொட்டுகளையும் மதிலின் இடைவெளிகளையும் முன்கூட்டியே அடைத்துவிடுதல் வேண்டும். கிணற்றுக் கட்டு தாழ்வாயின் அதற்கும் மறைப்பு வேண்டும். வந்த சில நாள்களில் ஓடிப்போகும் நாய்க்குத் திரும்பிவரும் வழி தெரியாது. ஆதலால், வெளியே கொண்டுசெல்லும்போது கழுத்துப் பட்டியை மட்டும் நம்பாது, மார்பைச் சுற்றிக் கட்டும் வார் ஒன்றையும் இடுதல் நலம்.

இரண்டாவது ஒழுங்கு. காலையும் மாலையும் குறித்த நேரத்தில், குறித்த இடத்தில், குறித்த பாத்திரத்தில் உணவு வைக்கப்படல் வேண்டும். முதல் வாரத்தில் ஒருவரே உணவு வைத்தால் நாய் விரைவில் நம்பும். வைத்துவிட்டு அருகில் நின்று பாராது விலகிச் செல்வது நல்லது. வெளியே செல்லும் நேரமும், விளக்கு அணைக்கும் நேரமும் நாள்தோறும் ஒன்றாக இருக்கட்டும். அடுத்து வருவது இன்னதென்று அறிந்த நாய்க்கு எந்நேரமும் விழிப்போடிருக்கும் தேவை குறைகிறது.

மூன்றாவது, அணுகும் உரிமையை நாயிடமே விடுதல். நேராக நடந்துசென்று, மேலிருந்து குனிந்து, தலையில் கை வைப்பது மனிதருக்கு அன்பு. நாய்க்கு அது தாக்குதல் போலத் தோன்றும். சற்றுத் தொலைவில் பக்கவாட்டாகத் தரையில் அமர்ந்து, கண்ணை உற்று நோக்காமல், ஒரு புத்தகத்தை வாசித்துக்கொண்டோ மரக்கறி நறுக்கிக்கொண்டோ இருந்தால் போதும். இடையிடையே ஒரு துண்டு மீனையோ அவித்த முட்டையையோ அதன் பக்கமாக உருட்டிவிடலாம். நாய் தானாக வந்து மணந்து பார்த்தால், மார்பின் பக்கமாக மூன்று நொடி தடவிவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். அது மேலும் நெருங்கினால் தொடரலாம். முகத்தைத் திருப்பினால் நிறுத்திவிட வேண்டும்.

நாய் வாயால் பேசாதெனினும் உடலால் ஓயாது பேசுகிறது. வாலைக் காலிடையே ஒடுக்குதலையும் காதைப் பின்னே மடித்தலையும் பலர் அறிவர். உறக்கமில்லா வேளையில் கொட்டாவி விடுதல், உணவின்றியே உதட்டை நக்குதல், தலையைத் திருப்பிக்கொண்டு கடைக்கண்ணின் வெள்ளை தெரியப் பார்த்தல், நடந்துகொண்டிருக்கும்போதே அசையாது நின்றுவிடுதல் ஆகியனவும் அச்சத்தின் சொற்களே. இவற்றைக் கவனியாது மேலும் நெருங்கினால் உறுமல் வரும். உறுமியதற்காக நாயை அடிப்பது பெரும்பிழை. உறுமல் ஓர் எச்சரிக்கை. அடிபட்ட நாய் அந்த எச்சரிக்கையைக் கைவிட்டு, அடுத்த முறை சொல்லாமற் கடிக்கும். வீட்டில் சிறுவர் இருப்பின், உண்ணும்போதும் உறங்கும்போதும் நாயைத் தொடலாகாது என்பதை முதல் நாளே பழக்கிவிட வேண்டும். பெரியவர் ஒருவர் உடனின்றிச் சிறு குழந்தையையும் புதிய நாயையும் தனித்திருக்க விடுதல் எவ்வகையிலும் தகாது.

குடாநாட்டில் நாயை அச்சுறுத்தும் ஒலிகள் பல. ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் மின்னலும் இடியும் வருகின்றன. தீபாவளிக்கும் புத்தாண்டுக்கும் சீனவெடி கொளுத்தப்படுகிறது. ஊர்க்கோயிற் திருவிழாவில் ஒலிபெருக்கி முழங்குகிறது. இறுதி ஊர்வலத்திற் பறையும் வெடியும் சேர்ந்து வருகின்றன. 2009ஆம் ஆண்டு முடிவுற்ற போரை இன்றைய நாய்கள் அறியா. ஆயினும் வெடியொலி கேட்டதும் அவை ஒடுங்குகின்றன. மனிதரினும் கூர்மையான செவி படைத்த பிராணிக்குக் காரணம் அறியாத பேரொலி ஒவ்வொன்றும் ஆபத்தின் குரலாகவே கேட்கும்.

இதற்குரிய பயிற்சி எளியது. ஆனால் பொறுமை வேண்டும். வானொலியிலோ கைத்தொலைபேசியிலோ இடியின் ஒலியை, நாய் தலையை மட்டும் நிமிர்த்திப் பார்க்கும் அளவுக்கு மெல்லியதாக ஒலிக்கச் செய்து, அதே கணத்தில் அதற்கு விருப்பமான உணவைத் தர வேண்டும். ஒலி நின்றதும் உணவும் நிற்க வேண்டும். நாள்தோறும் சில நிமிடம் இவ்வாறு பழக்கி, ஒலியைச் சிறிது சிறிதாகக் கூட்டலாம். நாய் நடுங்கத் தொடங்கினால் அளவு மிஞ்சிவிட்டது என்பது பொருள். ஒரு படி இறங்கிவிட வேண்டும். இப்பயிற்சியை மழைக்காலத்துக்குப் பல வாரம் முன்னரே தொடங்குதல் தக்கது. உண்மையான இடியோ வெடியோ கேட்கும் நாளில் பயிற்சிக்கு இடமில்லை. அன்று யன்னல்களை மூடி, மறைவான மூலையைத் திறந்து வைத்து, அருகில் அமைதியாக இருப்பதே போதும். அஞ்சும் நாயைத் தேற்றினால் அச்சம் வளரும் என்று சிலர் கூறுவர். அது பிழை. அச்சம் ஒரு தந்திரமன்று. ஆறுதலால் அது வளர்வதில்லை.

தனிமையும் பழக்கப்பட வேண்டியதொன்று. வந்த நாள் முதல் இரவும் பகலும் உடனிருந்துவிட்டு, விடுமுறை முடிந்ததும் எல்லோரும் ஒருங்கே வெளியேறினால், நாய் தான் மீண்டும் கைவிடப்பட்டதாகவே எண்ணும். முதலில் ஒரு நிமிடம் படலைக்கு வெளியே நின்று திரும்பலாம். பின்னர் ஐந்து நிமிடம் கடைக்குப் போய்வரலாம். அதன்பின் அரைமணி நேரம் விலகியிருக்கலாம். போகும்போதும் வரும்போதும் பெரிய ஆரவாரம் வேண்டாம்.

உடல்நலத்தை மறந்து மனநலத்தை மட்டும் பேணல் இயலாது. திடீரென உறுமும் நாய்க்குக் காது வலியோ பல் வலியோ இருக்கலாம். சோர்ந்து கிடக்கும் நாய்க்கு உண்ணிக் காய்ச்சல் இருக்கலாம். ஆதலால், முதல் வாரத்திலேயே மிருக வைத்தியரிடம் காட்டி, குடற்புழு, உண்ணி ஆகியவற்றுக்கு மருந்தும் விசர்நோய்த் தடுப்பூசியும் பெற வேண்டும். கருத்தடைக்கும் நாள் குறித்துக்கொள்ளலாம். உணவில் ஓர் எச்சரிக்கை உண்டு. குடாநாட்டுத் தோட்டங்களின் பெருமையாகிய சின்ன வெங்காயம் நாயின் இரத்த அணுக்களைச் சிதைக்கும். அங்கே விளையும் முந்திரிகைப் பழமாகிய திராட்சை அதன் சிறுநீரகத்தைக் கெடுக்க வல்லது. கறிச்சட்டியின் மிச்சத்தைச் சோற்றில் ஊற்றும் வழக்கத்தை விட்டு, வெங்காயமும் மிளகாயும் சேராத மீனும் சோறும் தனியே ஆக்கி வைத்தல் வேண்டும்.

எவ்வளவு கவனமாயிருந்தும் கடி நேர்ந்துவிடுமாயின், காயத்தை ஓடும் நீரிலும் சவர்க்காரத்திலும் குறைந்தது பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். வீட்டு நாய்தானே என்று தாமதித்தல் ஆகாது. புதிதாக வந்த நாயின் முன்வரலாறு எவருக்கும் தெரியாது. விசர்நோயோ உடலில் வாரக்கணக்காகவும் மாதக்கணக்காகவும் மறைந்திருக்கக்கூடியது. அறிகுறி தோன்றிய பின்னர் அதற்கு மருந்தில்லை. பாஸ்டர் 1885ஆம் ஆண்டு யூலை 6ஆம் நாள் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாக ஏற்றிய ஊசி, அறிகுறி தோன்றுமுன் ஏற்றப்பட்டதாலேயே பயன் தந்தது.

இவை யாவும் எத்தனை நாளில் கைகூடும்? நாய் வளர்ப்பவரிடையே ஓர் உத்தேசக் கணக்கு வழங்குகிறது. பதற்றம் தணிய மூன்று நாள். வீட்டு ஒழுங்கு பழக மூன்று வாரம். தன் வீடென்று உணர மூன்று மாதம் என்பது அது. பெரிதும் வருந்திய நாய்களுக்கு ஓராண்டும் ஆகலாம். முன்னேற்றம் நேர்கோடாகச் செல்வதில்லை. பத்து நாள் நன்றாயிருந்த நாய், பக்கத்து வளவில் ஒரு வெடி கேட்டதும் மீண்டும் கட்டிலின் கீழே போகும். லெனின்கிராட் நாய்க்கு நேர்ந்ததும் அதுவே. அதனைத் தோல்வியெனக் கருதாமல் பழைய ஒழுங்கையே தொடர்ந்தால், இரண்டாம் முறை அது விரைவில் வெளியே வரும்.

தேறுதலின் அறிகுறிகள் சிறியவை. ஆள் இருக்கும்போதே சோற்றை உண்ணுதல், துவிச்சக்கரவண்டி மணி கேட்டு ஓடாமல் காதை மட்டும் நிமிர்த்துதல், வாசலுக்கு முதுகைக் காட்டிப் பக்கவாட்டில் கால்களை நீட்டி உறங்குதல் ஆகியன அவற்றுட் சில. காவலுக்கென நாய் வேண்டுவோர் பலர் அது வந்த மறுநாளே குரைக்க வேண்டுமென எதிர்பார்க்கின்றனர். தனக்கே பாதுகாப்பில்லை என்று எண்ணும் பிராணி எந்த வீட்டைக் காக்கும்? முதலில் அது முதுகு காட்டி உறங்கட்டும். அந்நியர் படலையைத் தொட்டால் குரல் கொடுப்பது அதன்பின் தானாக வரும்.